பெரியப்பாவின் வால்

பெரியப்பாவின் வால்நுனியில் எலும்புக் கட்டி உண்டா இல்லையா என்று கேட்கப்பட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், ஊசிக்காரர் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்திருந்தால் இவ்வளவு வினையும் வந்திருக்காது. ஆனால் அவர் ஒழுங்கான மனிதர். வயிறும் நன்றாகத்தான் இருந்தது. வேலைக்குப் போய்விட்டார்.

பெரியப்பா யாருக்கும் உறவு கிடையாது. தொல்லுயிர் நிலையத்தில் மாதிரி எண் 114 என்று பதிவாகியிருந்த கவச டைனோசருக்குப் பணியாளர்கள் வைத்த பெயர் அது. தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, முதுகு முழுக்க எலும்புத் தகடுகள், எதிரே யார் என்ன சொன்னாலும் அசைந்து கொடுக்காத முகம். குடும்பத்துக்கு ஒருவர் இப்படி இருப்பார் என்பதால் பெயர் ஒட்டிக்கொண்டது. ஊசிக்காரர் என்ற பெயரும் அப்படி ஒட்டியதுதான். காற்றழுத்தத்தில் துடிக்கும் எஃகு ஊசியைப் பிடித்துக்கொண்டு, எலும்பைச் சுற்றியுள்ள கல்லைக் கடுகளவாகக் கொத்தி எடுப்பது அவர் வேலை. ஒரு விலா எலும்பு வெளியே வர மூன்று மாதம் ஆகும். கொத்திய கல்லெல்லாம் எங்கே போகிறது என்று நிலையத்தில் ஒருவரும் கேட்டதில்லை. பாதி தரைக்குப் போனது, மீதி ஊசிக்காரரின் மூக்குக்குப் போனது.

அந்தத் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. எலும்பு உடையாமலிருக்க அடியில் வெள்ளைச் சாந்தால் ஒரு தொட்டில் செய்து அதில் கிடத்துவார்கள். அந்தத் தொட்டிலின் அடிப்பக்கத்தில், ஊசி பிடித்தவர் தனக்குத் தெரிந்ததைப் பென்சிலால் எழுதிவைப்பார். ‘இந்த இடத்தில் பசை வைத்தேன்’, ‘இந்தப் பல் என் கையால் உடைந்தது, மன்னிக்கவும்’ என்பது போல. இன்னொரு ஊசிக்காரர் என்றைக்காவது திருப்பிப் பார்த்தால்தான் அது கண்ணில் படும். மேலதிகாரிகள் எதையும் அடியில் பார்ப்பதில்லை என்பதால் அங்கே எழுதப்படுவது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

மேலே எழுதப்படுவதற்குப் படிவம் இருந்தது. இனங்காண் படிவம். நாற்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. மூன்றாவது கட்டத்துக்குத் தாளில் அகலம் போதவில்லை என்று நிறுவனர் காலத்து அச்சகத்தார் கைவிரித்துவிட்டார்களாம். பிற்பாடு வந்தவர்கள் அதையே கொள்கையாக்கிவிட்டார்கள். ‘ஐயம் என்பது தனிமனிதரின் பலவீனம், நிலையத்தின் தாளில் அதற்கு இடமில்லை’ என்று வாசல் பளிங்கில் பொன்னெழுத்தில் பதித்திருக்கிறது.

பதினோரு வருடங்களுக்கு முன்னால் அந்தப் படிவத்தை நிரப்ப ஊசிக்காரரைக் கூப்பிட்டது பதிவாளர். காரணம், ஊசிக்காரரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பதிவாளர் படிக்கப் படிக்க இவர் எழுதினார். முப்பத்தொன்றாவது கேள்வியில் பேனா நின்றது.

“வால்நுனியில் எலும்புக் கட்டி உண்டா?” என்று படித்தார் பதிவாளர்.

“வாலே ஒன்பதாவது எலும்போட முறிஞ்சு போயிருக்கு சார். மீதி அந்த மலைச்சரிவுல, ரோட்டுக்கு அடியில இருக்கும். நுனி எப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“கையில இருக்கா?”

“இல்லை.”

“அப்போ இல்லைன்னு எழுதுங்க.”

எழுதினார். அந்த ‘இல்லை’ கூட அழகாகத்தான் விழுந்தது.

கவச டைனோசர்களை வாலில் கட்டி உள்ளவை, கட்டி இல்லாதவை என்று இரண்டு குடும்பமாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெரியப்பா கட்டி இல்லாத குடும்பத்தில் போய் விழுந்தார். அந்தக் குடும்பத்தில் இப்படி ஒரு தலை, இப்படி ஒரு முதுகு யாருக்கும் கிடையாது. ஆகவே புதிய இனம் என்று அறிவித்தார்கள். அப்போது துணை இயக்குநராக இருந்தவர் அதை விவரித்து நூற்றிருபது பக்கம் எழுதி இயக்குநர் ஆனார். ஆயுதம் இல்லாமலே வாழ்ந்து காட்டிய சாந்தமூர்த்தி என்று பெரியப்பாவைப் பற்றி ஊரெல்லாம் பேசினார். கூரிய வெறும் வாலோடு பெரியப்பா நிலையத்தின் சின்னமானார். கடிதத்தாளில், காவலாளியின் தொப்பியில், கழிப்பறைக் கதவில் எல்லாம் ஏறினார். ஊசிக்காரருக்கு அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையில் முள் சிக்கிய மாதிரி இருக்கும்.

பிறகு உண்மையாகவே தொண்டையில் ஒன்று சிக்கியது. முதலில் காலையில் மட்டும் இருமல். அப்புறம் படியேறினால் இருமல். அப்புறம் மனைவி ஏதாவது கேட்டால் பதிலுக்குப் பதில் இருமல். வெளியே ஒரு நெஞ்சுநோய் மருத்துவரிடம் காட்டினார்கள். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, நுரையீரலில் மணல் தூவியது போலிருந்த புள்ளிகளைக் காட்டினார்.

“இது கல்தூசி. உள்ள போனதை எடுக்க முடியாது. இனி போகாம பாத்துக்கலாம். இன்னும் ஆறு மாசம் அந்த அறையில உக்காந்தீங்கன்னா அப்புறம் என்கிட்ட வராதீங்க, வந்தும் பிரயோஜனம் இல்ல.”

தூசியை உறிஞ்சும் இயந்திரம் ஒன்று நிலையத்தில் இருக்கத்தான் இருந்தது. ஏழு வருடங்களுக்கு முன்பே வந்து இறங்கியது. ஆனால் நிலையத்துக்குள் வரும் எந்தப் பொருளும் இனங்காண் குழுவின் ஒப்புதலுக்குப் பிறகுதான் பயன்பாட்டுக்கு வரும். படிவத்தின் முதல் கேள்வியே ‘முதுகெலும்பு உண்டா?’ என்பது. இல்லை என்று எழுதியதால் இயந்திரம் முதுகெலும்பற்றவை பிரிவுக்குப் போய், நத்தைகளுக்கும் சிப்பிகளுக்கும் நடுவே கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் ஆர்வமாகப் பார்க்கிறார்கள்.

ஆகவே ஒரே வழி, வேறு அறைக்கு மாற்றல். அதற்கு, நோய் வேலையால் வந்தது என்று மருத்துவக் குழு சொல்ல வேண்டும். மனு கொடுத்துவிட்டு ஊசிக்காரர் காத்திருந்தார். மனு மேலே போய்க்கொண்டிருந்த அதே மாதத்தில்தான், மலைச்சரிவில் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டியவர்கள் ஒரு பாறையைக் கொண்டுவந்து அவர் மேசையில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

கொத்தக் கொத்த வால் வந்தது. பத்தாவது எலும்பில் தொடங்கி, விறைத்த கம்பு மாதிரி நீண்டு, நுனியில் இரண்டு தேங்காயை ஒட்டவைத்தாற்போல் ஒரு எலும்புக் கட்டி. கூடவே பாதித் தகடு ஒன்று. அதன் மறுபாதியை எங்கே பார்த்தோம் என்று ஊசிக்காரருக்கு யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. தேநீர் வேளையில் எல்லாரும் வெளியே போனபோது வாலைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு காட்சிக்கூடத்துக்குப் போனார். பெரியப்பாவின் முறிந்த முனையில் பத்தாவது எலும்பை வைத்தார். மயிரிழை இடைவெளி இல்லை. பாதித் தகட்டைப் பாதித் தகட்டோடு வைத்தார். தகட்டின் மேல் ஓடிய வெடிப்பு கூட இந்தப் பாதியில் தொடங்கி அந்தப் பாதியில் முடிந்தது. ஊசிக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “வந்துடுச்சா பெரியப்பா?” என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

திங்கட்கிழமை இனங்காண் குழு கூடியது. குழு என்றால் மூன்று பேர்: இயக்குநர், பதிவாளர், ஒரு பல் மருத்துவர். எலும்புக்கு ஒரு நிபுணர் வேண்டும் என்று விதி இருந்ததால், பல்லும் எலும்பு மாதிரிதானே என்று அவரைச் சேர்த்திருந்தார்கள். ஊசிக்காரர் நடுநடுவே இருமியபடி எல்லாவற்றையும் சொன்னார்.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். குரலை உயர்த்தாமல் பேசுவதில் அவருக்குப் பெரிய பெயர்.

“பொருந்துதுங்கிறீங்க. நான் மறுக்கல. ஆனா பொருந்துறது வேற, சொந்தங்கிறது வேற. என் செருப்பு பதிவாளர் காலுக்கும் பொருந்தும்.”

“கச்சிதமா பொருந்தும் சார்” என்றார் பதிவாளர் பெருமையாக.

“114-க்கு வாலில் கட்டி கிடையாது. படிவம் இருக்கு. இதுக்குக் கட்டி இருக்கு. அப்போ இது 114 இல்ல. இதுல எங்க சிக்கல்?”

“அன்னைக்கு நுனி கல்லுக்குள்ள இருந்துச்சு சார். கையில இல்லாததால இல்லைன்னு எழுதினேன்.”

“எழுதினது நீங்கதானே. பதினோரு வருஷமா ஒரு நிலையமே உங்க கையெழுத்தை நம்பி நிக்குது. நாங்க உங்களை நம்பினோம். நீங்க இப்போ உங்களையே நம்ப மாட்டேங்கிறீங்க. எனக்கு வருத்தமா இருக்கு.”

ஊசிக்காரர் வால்கட்டியின் மேல் கை வைத்தார். “அப்போ பெரியப்பாவோட வால் எங்க சார்? இந்த வாலோட உடம்பு எங்க?” என்றார்.

“பக்கத்துப் பக்கத்துல ரெண்டு மிருகம் இறந்திருக்கு. ஒண்ணுக்கு வால் மட்டும் அழிஞ்சிருக்கு. இன்னொண்ணுக்கு வால் மட்டும் மிஞ்சியிருக்கு. ரெண்டும் ஒரே எலும்புல முறிஞ்சிருக்கு. அதிசயந்தான். அதிசயத்தைக் கண்டு நாம பின்வாங்கக் கூடாது. உடம்பைத் தேட பத்து வருஷத் திட்டம் தயார் பண்ணிட்டேன்.”

பல் மருத்துவர் வால்கட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, சொத்தை எதுவும் இல்லை என்றார். அதைப் பதிவாளர் குறித்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்ததும் இயக்குநர் ஊசிக்காரரைத் தனியே நிறுத்தி ஒரு தாளை நீட்டினார். எலும்பைக் கையாண்டவர் என்ற முறையில் அவர் கையொப்பமிட வேண்டிய சான்றிதழ். ஒரே ஒரு வாக்கியம்: ‘இரண்டு பொருள்கள் துல்லியமாகப் பொருந்துவது, அவற்றுக்குள் தொடர்பு உண்டு என்பதற்கு ஆதாரம் ஆகாது.’

“அவசரமில்ல, நாளைக்குக் குடுங்க. உங்க மனுவும் பாத்தேன். பெயர்ச்சீட்டு எழுதுற அறை காலியாத்தான் இருக்கு. ரெண்டு ஜன்னல். தூசியே கிடையாது. உங்க கையெழுத்துக்கு அதுதான் சரியான இடம். மருத்துவக் குழுவும் நாங்க மூணு பேர்தான், தெரியுமில்ல?”

ஊசிக்காரருக்குத் தெரியும். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். அவள் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருந்தாள். மிதித்துக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு அவர் இருமி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“எழுதிக் குடுத்துடுங்க.”

“பொய்யிடி அது. என் கையால சேத்து வச்சுப் பாத்தேன்.”

“எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னாடி செத்தது. அதுக்கு வால் இருந்தா என்ன, போனா என்ன? நீங்க ராத்திரி இருமுறப்போ நான் எண்ணிக்கிட்டே படுத்திருக்கேன். எனக்கு நீங்க வேணும். உங்க பெரியப்பாவோட வால் எனக்கு எதுக்கு?”

மறுநாள் அவர் கையொப்பமிட்டார். எழுத்து முத்து முத்தாகவே விழுந்தது, அது அவருக்கே எரிச்சலாக இருந்தது.

இரண்டு வாரத்தில் திறப்புவிழா. பெரியப்பா ஒரு கண்ணாடிப் பெட்டியில், வால் இன்னொரு கண்ணாடிப் பெட்டியில். நடுவில் மூன்றடி இடைவெளி விட்டு சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். இயக்குநர் பேசினார். ஒரே மலைச்சரிவில் சாந்தத்தின் வடிவம் ஒன்று, வீரத்தின் வடிவம் ஒன்று என இரண்டு இனங்கள் வாழ்ந்திருப்பதாகவும், வீரத்தின் உடம்பு இனிமேல்தான் கிடைக்க வேண்டும் என்றும், உடம்பு இல்லாமலே ஓர் இனத்தை அடையாளம் கண்ட முதல் நிலையம் இதுதான் என்றும் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். ஊசிக்காரர் இருமினார். காவலாளி வந்து, விழா முடியும்வரை கதவுக்கு வெளியே நின்றால் நல்லது என்று மரியாதையாகச் சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகு, விழாவுக்குக் கூட வந்திருந்த மனைவி பெட்டிகளைச் சுற்றி வந்தாள். அவளுக்கு டைனோசர் என்றால் என்னவென்றே சரியாகத் தெரியாது. கிழிந்த துணி தெரியும். இருபது வருடம் கிழிசலைத் தைத்து வயிறு வளர்த்தவள். இந்தப் பெட்டியைப் பார்த்தாள், அந்தப் பெட்டியைப் பார்த்தாள்.

“ஏங்க, இது அதோட வால்தானே?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“பேசாம வா.”

“இங்க கிழிஞ்சது அங்க கிடக்குது. கண்ணிருக்கிற யாருக்கும் தெரியுமே.” அப்புறம் அவளுக்கு ஞாபகம் வந்தது. “நான்தானே எழுதிக் குடுக்கச் சொன்னேன்” என்றாள். பேருந்தில் வீடு திரும்பும்வரை அவர் இருமுவதை எண்ணிக்கொண்டே வந்தாள்.

அந்த வியாழக்கிழமை மருத்துவக் குழு கூடியது. அதே அறை, அதே மூன்று பேர். பல் மருத்துவர் முதலில் ஊசிக்காரரை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, பற்கள் திருப்தியாக இருப்பதாகச் சொன்னார். ஊசிக்காரர் நெஞ்சுப் படத்தையும் வெளி மருத்துவரின் கடிதத்தையும் மேசைமேல் வைத்தார். சளியில் இருந்த தூசியும் 114-ன் கல்லும் ஒரே வகை என்று ஆய்வுக்கூடம் கொடுத்த தாளும் அவற்றோடு இருந்தது.

“துல்லியமா பொருந்துது” என்றார் இயக்குநர், தாளைப் படித்துவிட்டு. ஊசிக்காரருக்கு உயிர் வந்தது. “பதிவாளர், இந்த மாதிரி பொருந்துறதைப் பத்தி நம்மகிட்ட ஏதோ ஒரு சான்றிதழ் இருக்கணுமே?”

பதிவாளர் கோப்பைப் புரட்டி வாசித்தார். “இரண்டு பொருள்கள் துல்லியமாகப் பொருந்துவது, அவற்றுக்குள் தொடர்பு உண்டு என்பதற்கு ஆதாரம் ஆகாது. கையொப்பம், ஊசி அறைப் பணியாளர், எண் 27.”

“நல்ல கையெழுத்து” என்றார் பல் மருத்துவர்.

“சார், அது வாலுக்கு எழுதினது” என்றார் ஊசிக்காரர்.

“வாலுக்குன்னு அதுல இல்லையே. ரெண்டு பொருள்னுதான் இருக்கு. நிலையம் வாலுக்கு ஒரு நியாயம், மனுஷனுக்கு ஒரு நியாயம்னு வச்சுக்க முடியுமா? நீங்களே அதை விரும்ப மாட்டீங்க.” இயக்குநர் குரலில் உண்மையான பரிவு இருந்தது. “சரி, உங்களைக் கைவிட எங்களுக்கு மனசில்ல. விதிப்படி இன்னொரு தடவை பாத்துடுவோம். இருமல் உண்டா? ஆம்னோ இல்லைன்னோ நீங்களே எழுதுங்க.”

ஊசிக்காரர் பேனாவை வாங்கினார். ஆம் என்று எழுதினார். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் எழுத்து கோணியது.

பதிவாளர் இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தபோது நிரப்பியது. இருமல் உண்டா? இல்லை. மூன்று பேரும் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“பணியாளர் 27 இருமாதவர். இவர் இருமுறார்” என்றார் பதிவாளர்.

“எழுத்தும் வேற மாதிரி இருக்கு” என்றார் பல் மருத்துவர்.

“அப்போ இவர் 27 இல்ல” என்றார் இயக்குநர்.

“நான்தான் சார் அது. ரெண்டும் நான்தான். அன்னைக்கு இருமல் இல்ல, இன்னைக்கு இருக்கு. நடுவுல இருபத்திரண்டு வருஷம் உங்க கல்லைத்தான் கொத்தினேன்.” சொல்லி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது.

“இருமுறவர் கொஞ்சம் வெளியில இருக்கட்டும். 27 கிட்ட ஒரு விஷயம் பேசணும்” என்றார் இயக்குநர்.

ஊசிக்காரர் வெளியே போய், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். முடிவு தயாராக இருந்தது. பணியாளர் 27 ஆரோக்கியமாக இருக்கிறார், நாளை முதல் ஊசி அறையில் அடுத்த பாறையைத் தொடங்கலாம். இருமுபவர் 27-அ என்ற எண்ணில் தனியாகப் பதிவு செய்யப்படுகிறார், தோற்றம் அறியப்படவில்லை. அவர் நிலையத்தின் பணியாளர் அல்லர் என்பதால் அவருக்கு அறை மாற்றல் கொடுக்க விதியில் இடமில்லை. ஆனாலும் அவரைப் பற்றித் தொடர்ந்து ஆராய நிலையம் ஆர்வமாக இருக்கிறது.

“வேலையை விட்டுடறேன் சார்” என்றார் ஊசிக்காரர்.

“விடலாமே. 27 தாராளமா விடலாம். ஆனா வேலை விட்டா மருந்து, வைத்தியம் எதுவும் நிலையம் பாக்காது. 27-க்குத்தான் நோயே இல்லையே, அவருக்கு அது நஷ்டமில்ல” என்று சொல்லி இயக்குநர் எழுந்து கைகொடுத்தார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். அழுவாள் என்று நினைத்தார், அழவில்லை. ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டே, “ரெண்டு பேரும் வீடு வந்து சேந்தாச்சில்ல? உக்காருங்க, சாப்பிடலாம்” என்றாள். நூல் மூன்று தடவை தவறியது. வேறு இடத்தில் வேலை கிடைக்கும்வரை முகத்தில் கட்டிக்கொள்ள என்று நாலு மடிப்புத் துணியில் ஒன்று தைத்துக் கொடுத்தாள். இரண்டு நாளில் அது சாம்பல் நிறமாகிவிடும் என்று இருவருக்குமே தெரியும்.

மறுநாள் காலை ஊசிக்காரர் எல்லாருக்கும் முன்னால் நிலையத்துக்குப் போனார். காட்சிக்கூடத்தில் வாலின் பெட்டியைத் திறந்தார். கட்டியோடு சேர்த்து அந்தத் தொட்டிலைப் புரட்ட அவருக்கு மூச்சு போதவில்லை. நின்று நின்று புரட்டினார். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, சாந்தின் அடிப்பக்கத்தில் எழுதினார். ‘இது 114-ன் வால். ஒன்பதாவது எலும்போடு சேர்த்துப் பார்க்கவும். கட்டி இல்லை என்று எழுதியவனும் நான்தான், இப்போது இருமுகிறவனும் நான்தான். மன்னிக்கவும்.’

தொட்டிலைப் பழையபடி திருப்பி வைத்து, பெட்டியை மூடி, கண்ணாடியில் பட்ட கைரேகையைத் துடைத்தார். மனைவி தைத்த துணியை முகத்தில் கட்டிக்கொண்டு, பணியாளர் எண் 27 ஊசி அறைக்குப் படியிறங்கியது. இருமலும் கூடவே இறங்கியது.